தகப்பன் பெயர்

படிவத்தின் பதினோராவது கேள்வி
நிரந்தர முகவரி.
பலவேசம் கொஞ்ச நேரம் யோசித்தார்.
"வாத்து எங்கன மேயுதோ அங்கனதாம்மா."
இரண்டு அங்குலக் கோட்டில்
இதை எப்படி எழுத.

கல்லூரி அனுப்பிய எட்டுப் பேரில்
எனக்கு வாய்த்தது பாளையங்கோட்டை ஜெயில்,
கால் ஆடும் மேசை,
செவ்வாயும் வெள்ளியும்.
ஜாமீன் கிடைத்தும் வெளியே போகாதவர்களின் பட்டியல்
என் கையில்.
'கிடைத்தும்' என்பதை முதல் நாள்
தட்டச்சுப் பிழை என்று நினைத்தேன்.

மோட்டார் ஷெட்டில் செம்புக் கம்பி காணாமல் போன இரவு
பக்கத்து வயலில் படுத்திருந்தவர் அவர்.
அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.
எடுத்தாரா என்று கேட்காதே,
திரும்பி வருவாரா, அதை மட்டும் கேள்
என்றிருந்தார் வக்கீல் ஞானசிகாமணி சார்.

ஒன்பதாம் நாள் ஜாமீன்.
சொத்துள்ள இரண்டு பேர், ஆளுக்குப் பத்தாயிரம்.
நான் பேனா திறந்தது ஐம்பத்திரண்டாம் நாள்.

தப்பியோடும் வாய்ப்பு: உண்டு, இல்லை.
முந்நூறு வாத்துக்குப் பின்னால்
கங்கைகொண்டானுக்கும் சேரன்மகாதேவிக்கும்
வருசம் முழுக்க நடக்கிற மனுசனை
எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது?
என் அப்பாவுக்கு மின்வாரியம்.
நான் பிளஸ் டூ முடிப்பதற்குள் ஏழு வீடு மாறினோம்.
ஓடுகிறீர்களா என்று
எங்களை ஒருத்தரும் கேட்டதில்லை.

மச்சினன் கொம்பையாவின் போன் அணைந்தே கிடந்தது.
சனிக்கிழமை நானே போனேன்,
முன்னீர்பள்ளம் பஸ்ஸில், நின்றுகொண்டு.
பிசானம் அறுத்த தாள் காய்ந்திருந்தது.
வாத்து ஒன்றும் இல்லை.
வலை வளைத்த வட்டத்தில் இறகும் எச்சமும்.
வயல்காரர் சிவனணைந்தபெருமாள்
கிணற்று மேட்டில் நின்றபடியே பேசினார்.
"மூணு வருசமா மாசி பொறந்தா இங்கனதான் அடைக்கான்.
யூரியா ஒரு மூட மிச்சம் எனக்கு.
கையெழுத்துன்னா... அது வேற பேச்சுல்லா."
மோர் கொடுத்தார்.
மூன்று ஆண்டுகளாக ஒரே மாதம், ஒரே வயல்
என்று எழுதிக்கொண்டேன்.
மோரை எழுதவில்லை.

மாஜிஸ்திரேட் அந்த வரியை இரண்டு தடவை வாசித்தார்.
சொந்தப் பிணையில் விடலாம்.
வெள்ளிக்கிழமை மதியம் மூன்று இருபது.
வராண்டாவில் நான் குதித்ததைப் பார்த்து
டவாலி சிரித்தார்.

ஆறு மணிக்கு ஜெயிலிலிருந்து போன்.
வாரண்டில் தகப்பன் பெயர் மாடக்கண்ணு,
உத்தரவில் மாடசாமி,
விட முடியாது.
உத்தரவு மனுவைப் பார்த்து அடித்தது.
மனு என் படிவத்தைப் பார்த்து.
படிவத்தில் நீல மையில், அழுத்தி,
என் கையெழுத்தில்
மாடசாமி.
அவர் சரியாகத்தான் சொல்லியிருப்பார்.
இந்த ஜில்லாவில் பத்துக்கு நாலு தகப்பன் மாடசாமி,
'மாட' வரைக்கும் கேட்டுவிட்டு
மிச்சத்தைக் கை தானாக முடித்துவிட்டது.

சனி, ஞாயிறு.
திங்கள் சித்திரை விசு, கோர்ட் லீவு.
விடுதியில் பாயசம் ஊற்றினார்கள்.
வெள்ளியையும் சேர்த்தால் நாலு ராத்திரி.
நான் எண்ணியது நாலு.
அவருக்கு அது அறுபத்திநாலு, அறுபத்தைந்து என்று போகும் கணக்கு.

செவ்வாய் சாயங்காலம்
சின்னக் கதவில் குனிந்து வெளியே வந்தார்,
துண்டில் பொதிந்த ஒரு லுங்கியோடு.
"ஒங்களாலதாம்மா" என்றார்.
நான் திருத்தவில்லை.
வாய்தாச் சீட்டை நாலாக மடித்துக்கொண்டே
"கன்னடியன் கால்ல தண்ணி கெடக்கா?" என்று கேட்டார்.
தெரியாது என்றேன்.
சரி என்று பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார்,
இரண்டு ஓரத்தையும் பார்த்துப் பார்த்து,
முன்னால் ஏதோ போகிற மாதிரி.

மே ஒன்பது, காலை ஒன்பதரைக்கே
கோர்ட் வாசலில் வந்து உட்கார்ந்திருந்தாராம்.
என் பயிற்சி அதற்குள் முடிந்திருந்தது.
சான்றிதழில் 'மிகச் சிறப்பு'.
மேலே என் பெயர்.
பக்கத்தில் அப்பா பெயரை
எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன்.
ஒரு பிழை இல்லை.